காற்றறிந்து இறங்கு

ஹவாய்த் தீவுகளுள் இரண்டாவது பெரியது மாவி. அத்தீவின் வடகரையில், பையா என்னும் சிற்றூருக்கு அருகே, ஹோக்கிப்பா கடற்கரை அமைந்துள்ளது. சுற்றுலா விளம்பரங்களில் காணும் அகன்ற வெண்மணல் பரப்பை அங்கே எதிர்பார்க்க முடியாது. எரிமலைக் குழம்பு இறுகி உருவான கரும்பாறைகள் கரையோரத்தில் துருத்திக்கொண்டிருக்கும். நீருக்கடியிலும் பாறைத்திட்டுகள் உண்டு. குளிர்காலத்தில் எழும் அலைகள் சில நாள்களில் இரண்டு மூன்று ஆள் உயரத்தையும் தாண்டும். மணலின் ஓர் ஓரத்தில் பச்சைக் கடலாமைகள் அசையாமல் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். அந்த ஆமைகளைப் போலக் கரையிலேயே இருந்துவிடுவதுதான் நல்லது என்று முதன்முறை வருவோர்க்குத் தோன்றும்.

ஆயினும், உலகின் பல நாடுகளிலிருந்து வீரர்கள் இந்தச் சிறிய கடற்கரையைத் தேடி வருகின்றனர். பாய் கட்டிய பலகையின்மீது நின்று, காற்றின் விசையால் கடலில் பாய்ந்து செல்லும் விளையாட்டுக்கு இது புகழ்பெற்ற இடம். ‘விண்ட்சர்ஃபிங்’ எனப்படும் இவ்விளையாட்டைத் தமிழில் பாய்மர அலைச்சறுக்கு எனலாம். இதன் இளைய உடன்பிறப்பு ‘கைட்சர்ஃபிங்’ எனப்படும் பட்ட அலைச்சறுக்கு. பலகையில் பாய்க்குப் பதிலாக, வானில் பறக்கும் பெரிய பட்டம் ஒன்று வீரரை இழுத்துச் செல்லும்.

இரண்டு விளையாட்டுகளுக்கும் இயந்திரம் இல்லை, எரிபொருள் இல்லை. காற்று ஒன்றே துணை. அதே காற்றுதான் ஆபத்தும்கூட. துணையாக வரும் ஒன்றே எதிரியாகவும் மாறக்கூடிய இடத்தில் மனிதர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை ஹோக்கிப்பா நாள்தோறும் கற்றுக்கொடுக்கிறது.

பலகையில் முளைத்த பாய்

பாய்மரக் கப்பல்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கடலில் ஓடுகின்றன. ஆனால், ஒருவர் நின்றபடியே கையால் பிடித்துச் செலுத்தும் பாய்ப்பலகைக்கு வயது அறுபதுதான். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த நியூமன் டார்பி 1964ஆம் ஆண்டில் அத்தகைய பலகை ஒன்றை உருவாக்கினார். பின்னர், கலிபோர்னியாவில் விமானப் பொறியியலாளரான ஜிம் டிரேக், அலைச்சறுக்கில் ஆர்வம் கொண்ட ஹோயில் ஷ்வைட்சர் ஆகிய இருவரும் இன்றைய வடிவத்துக்கு வழிவகுத்த பலகையை அமைத்து, 1968ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தனர்.

அந்தப் பலகையின் சிறப்பு பாய்மரத்தின் அடியில் இருந்தது. படகில் பாய்மரம் அசையாமல் நடப்பட்டிருக்கும். இப்பலகையிலோ, எல்லாப் பக்கமும் சாயக்கூடிய ஓர் இணைப்பின்மீது பாய்மரம் நிற்கிறது. இதனால் திசை திருப்புவதற்குச் சுக்கான் தேவையில்லை. பாயை முன்புறம் சாய்த்தால் பலகை காற்றை விட்டு விலகித் திரும்பும். பின்புறம் சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். பலகையின் அடியில் மீன்துடுப்புப் போன்ற ஒரு தகடு உண்டு. காற்று பாயைப் பக்கவாட்டில் தள்ளும்போது, அத்தகடு நீரைப் பற்றிக்கொண்டு பலகையை முன்னோக்கிச் செல்ல வைக்கும்.

ஹவாயில் வளர்ந்த ராபி நேஷ் என்னும் சிறுவர் 1976ஆம் ஆண்டில், தம் 13ஆம் வயதில், பாய்மர அலைச்சறுக்கில் உலக வெற்றியாளர் ஆனார். அதன்பின் ஹவாய் இளையர்கள் இவ்விளையாட்டை அமைதியான நீரிலிருந்து பெரிய அலைகளுக்குக் கொண்டு சென்றனர். பலகையைக் குட்டையாக்கினர், கால்கள் நழுவாதிருக்க வார்களைப் பொருத்தினர். அலையின் முதுகில் ஏறி வானில் எழும்பிக் குதிக்கவும் கற்றுக்கொண்டனர். 1980களில் ஹோக்கிப்பா இதன் தலைநகரம்போல ஆயிற்று. 1984ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் போட்டியிலும் பாய்மர அலைச்சறுக்கு இடம்பெற்றது.

அதே 1984ஆம் ஆண்டில், பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த புரூனோ லெகெய்னியூ, டொமினிக் லெகெய்னியூ என்னும் சகோதரர்கள் காற்றடைத்த விளிம்புகளை உடைய பட்டத்துக்குக் காப்புரிமை கோரினர். கடலில் விழுந்தாலும் மூழ்காமல் மிதந்து, மீண்டும் பறக்கக்கூடிய பட்டம் அது. பத்தாண்டுகளுக்கும் மேலான உழைப்புக்குப் பிறகு அது விளையாட்டாக வளர்ந்தது. 1998ஆம் ஆண்டில் மாவி தீவிலேயே பட்ட அலைச்சறுக்குப் போட்டி நடைபெற்றது.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. பகைவரை எதிர்கொள்ளப் புறப்படும் அரசன் எண்ணிப் பார்க்க வேண்டியவற்றை அவை எடுத்துரைக்கின்றன. கடல் யாருக்கும் பகையன்று. எனினும், ஹோக்கிப்பாவில் இறங்குவோர் இடம், காலம், வலிமை ஆகிய மூன்றையும் அறிந்திருக்க வேண்டும்.

இடத்தை அறிதல்

தமிழர் காற்றுக்கு அது வரும் திசையை வைத்துப் பெயரிட்டனர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து வருவது தென்றல். மேற்கிலிருந்து வருவது கோடை. வடக்கிலிருந்து வருவது வாடை. ஹவாய் மக்களும் தங்கள் காற்றுகளுக்குப் பெயர் சூட்டியுள்ளனர். வடகிழக்கிலிருந்து வீசும் வாணிபக் காற்றை அவர்கள் மோவாயே என்று அழைப்பர். அக்காலப் பாய்மரக் கப்பல்கள் நம்பிப் பயணம் செய்த, சீராக வீசும் காற்று அது.

அந்தக் காற்று மாவி தீவை அடையும்போது இரண்டு மலைகளைச் சந்திக்கிறது. கிழக்கே 3,055 மீட்டர் உயரமுள்ள ஹலேயாக்கலா. மேற்கே மேற்கு மாவி மலைத்தொடர். இவ்விரண்டுக்கும் இடையே தாழ்வான நிலப்பகுதி உள்ளது. அகன்ற ஆறு குறுகிய இடுக்கில் நுழையும்போது வேகம் கொள்வதுபோல, மலைகளுக்கு இடையே நுழையும் காற்றும் வேகம் பெறுகிறது. ஆகவே, தீவின் பிற பகுதிகளில் இதமாக வீசும் காற்று, வடகரையின் நடுப்பகுதியில் பாயை நிமிர்த்தும் அளவுக்கு வலுப்பெறுகிறது.

காற்றின் வேகத்தைவிட அதன் திசை முக்கியமானது. கடலிலிருந்து நேரே கரையை நோக்கி வீசும் காற்று, வீரரை மீண்டும் மீண்டும் அலைகளுக்குள்ளேயே தள்ளும். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று அதைவிடக் கொடியது. கரையோரத்தில் நீர் அமைதியாகத் தோன்றும். ஆனால், பாய் உடைந்தால் அக்காற்று மனிதரை ஆழ்கடலுக்கு இழுத்துச் சென்றுவிடும். ஹோக்கிப்பாவில் காற்று பெரும்பாலும் கரைக்கு இணையாக, பக்கவாட்டில் வீசுகிறது. அதனால் வீரர்கள் கடலுக்குள் சென்று, திரும்பி, அலையின்மீது சறுக்கியபடி கரைக்கு வர முடிகிறது.

ஆனால், இங்கும் ஒரு பொறி இருக்கிறது. காற்று செல்லும் பக்கத்தில் கரும்பாறைகள் காத்திருக்கின்றன. பாயை இழந்து நீரில் மிதப்பவரைக் காற்றும் நீரோட்டமும் சேர்ந்து அந்தப் பக்கமாகவே தள்ளும். எனவே, அனுபவம் உள்ளவர் வந்தவுடன் பாயை விரிப்பதில்லை. முதலில் கரையில் நின்று கவனிப்பார். அலைகள் எங்கே உடைகின்றன, எங்கே உடையாமல் வழிவிடுகின்றன, உடைந்த அலையின் நீர் எந்த வழியாகக் கடலுக்குத் திரும்புகிறது, தவறினால் எந்தப் பக்கம் நீந்த வேண்டும் என்பவற்றை அறிந்துகொள்வார். அவர் நீரில் இறங்கும் முன்பே திரும்பும் வழியை முடிவு செய்துவிடுகிறார்.

காலத்தை அறிதல்

மாவியில் வாணிபக் காற்று கோடைக்காலத்தில் பெரும்பாலான நாள்களில் வீசும். அப்போது அலைகள் சிறியவை. குளிர்காலத்திலோ, வடபசிபிக் கடலில் எழும் புயல்கள் பேரலைகளை அனுப்புகின்றன. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து வரும் அந்த அலைகள், வழியில் எந்த நிலத்தாலும் தடுக்கப்படாமல் வடகரையில் வந்து மோதும். கற்றுக்கொள்ளும் ஒருவர் கோடையில் பழகிய அதே இடம், குளிர்காலத்தில் முற்றிலும் வேறான இடமாக மாறியிருக்கும்.

ஒரு நாளுக்குள்ளும் இந்த மாற்றம் நிகழ்கிறது. காலையில் காற்று மெலிந்திருக்கும். வெயில் ஏறி நிலம் சூடாகச் சூடாக, காற்றும் வலுக்கும். பிற்பகலில் அது முழு வேகம் பெறும். இந்த வேறுபாடு கடலைப் பகிர்ந்துகொள்ளவும் உதவுகிறது. பாய் இல்லாமல் வெறும் பலகையில் அலைச்சறுக்கு ஆடுவோருக்குக் காற்று அடங்கிய காலைப் பொழுதே ஏற்றது. ஆகையால், காலை 11 மணிக்கு முன் பாய்ப்பலகைகள் இறங்கக் கூடாது என்னும் ஒழுங்கு அங்கே கடைப்பிடிக்கப்படுகிறது. பட்டங்களுக்கோ தனி இடம். சில கிலோமீட்டர் மேற்கே, கஹுலுயி விமான நிலையத்தை அடுத்த கானஹா கடற்கரையின் ஒரு பகுதி ‘பட்டக் கடற்கரை’ என்றே அழைக்கப்படுகிறது. விரைந்து செல்லும் பாயும், நீண்ட கயிறுகளை உடைய பட்டமும், நீந்துவோரும் ஒரே நீரில் கலந்தால் விபத்து நேரிடும். கடல் அகன்றதுதான்; ஆனால், நல்ல அலை எழும் இடம் மிகச் சிறியது. அதை முறைவைத்துப் பயன்படுத்தினால்தான் எல்லாருக்கும் கிடைக்கும்.

காலமறிதல் என்பது விரைந்து செயல்படுவதை மட்டும் குறிப்பதன்று. காத்திருப்பதையும் அது குறிக்கும். பேரலைகள் கூட்டம் கூட்டமாக வரும். ஒரு கூட்டம் கடந்தபின் சிறிது நேரம் கடல் தணியும். அந்த இடைவெளிக்காகப் பலகையைக் கையில் ஏந்தியபடி கரையில் நிற்பவரைக் கோழை என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

வலிமையை அறிதல்

காற்றின் வேகம் கூடும்போது அதன் விசை எவ்வளவு கூடும்? வேகம் இரு மடங்கானால் விசையும் இரு மடங்காகும் என்று பலர் எண்ணுவர். உண்மையில், விசை நான்கு மடங்காகிறது. வேகம் மும்மடங்கானால் விசை ஒன்பது மடங்காகும். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றில் ஒருவர் எளிதாகத் தாங்கிய பாயை, 36 கிலோமீட்டர் வேகத்தில் தாங்குவதற்கு நான்கு மடங்கு வலிமை வேண்டும். அவ்வளவு வலிமை எந்த மனிதருக்கும் திடீரென்று வந்துவிடாது.

இதற்கு வீரர்கள் கண்ட வழி எளியது. காற்று வலுத்தால் அவர்கள் பாயின் அளவைக் குறைக்கிறார்கள். மெல்லிய காற்றில் 7 சதுர மீட்டர் பாயைப் பயன்படுத்துபவர், பலத்த காற்றில் 4 சதுர மீட்டர் பாயை எடுத்துக்கொள்வார். பட்டத்துக்கும் இதுவே விதி. ஒரே காற்றில், எடை மிகுந்தவருக்குப் பெரிய பட்டமும் எடை குறைந்தவருக்குச் சிறிய பட்டமும் வேண்டும். நண்பர் எடுத்துச் செல்லும் அளவைப் பார்த்துத் தாமும் அதையே எடுப்பவர், காற்றை அளக்கவுமில்லை, தம்மை அளக்கவுமில்லை.

தம்மை அளப்பதற்கு மற்றொரு வழியும் உண்டு. கரையிலிருந்து எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதைப் பலகையின் வேகம் முடிவு செய்வதில்லை. ‘எங்கிருந்து நீந்தித் திரும்ப முடியுமோ, அவ்வளவு தூரமே செல்லலாம்’ என்பது இவ்விளையாட்டில் வழங்கும் பொது அறிவுரை. பாய்மரம் முறியலாம், கயிறு அறுந்துபோகலாம், காற்று திடீரென அடங்கிவிடலாம். ஹோக்கிப்பாவில் கரையை ஒட்டிய பகுதியில் காற்று பல வேளைகளில் தளர்ந்துவிடுவதும் உண்டு. பேரலை பின்னால் துரத்தி வரும் வேளையில், பாய் வெறுந்துணியாகத் தொங்கினால், கைகளும் கால்களுமே மிச்சம். அந்த நேரத்தில் நீச்சல் தெரியாத வீரரைக் காற்று வந்து காப்பாற்றாது.

விடத் தெரிதல்

இம்மூன்றையும் அறிந்தவருக்கும் இன்னொரு பாடம் தேவைப்படுகிறது. கற்றுக்கொள்வதற்கு மிகக் கடினமான பாடம் அதுவே.

பட்ட அலைச்சறுக்கில் வீரரின் இடுப்பில் ஒரு வார்க்கச்சை இருக்கும். பட்டத்திலிருந்து வரும் 20 மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள கயிறுகள் ஒரு கைப்பிடிக் கம்பில் வந்து சேரும். அந்தக் கம்பைத் தம்மை நோக்கி இழுத்தால் பட்டத்தின் விசை கூடும். தளர்த்தினால் விசை குறையும். அச்சம் ஏற்படும்போது மனிதரின் இயல்பு என்ன? கையில் இருப்பதை இறுகப் பற்றிக்கொள்வதுதான். திடீரென வீசிய காற்றில் தடுமாறும் புதியவர், பயந்து கம்பைத் தம் நெஞ்சோடு சேர்த்து இழுக்கிறார். பட்டம் முன்னிலும் வேகமாக அவரை இழுக்கிறது. அவர் இன்னும் இறுகப் பற்றுகிறார். இவ்வாறு பயமே ஆபத்தை வளர்க்கிறது. கரைக்கு அருகில் இது நேர்ந்தால், பாறையிலோ மரத்திலோ மோதி உயிருக்கே கேடு விளையலாம்.

ஆகவே, நல்ல பயிற்றுநர் பறக்கக் கற்பிக்கும் முன் விடக் கற்பிக்கிறார். முதல் படி, கைப்பிடிக் கம்பை விட்டுவிடுவது. பெரும்பாலான வேளைகளில் அதுவே போதும். பட்டம் விசை இழந்துவிடும். அப்படியும் அடங்காவிட்டால், இரண்டாம் படியாக வார்க்கச்சையில் உள்ள பாதுகாப்புப் பூட்டை அவிழ்க்க வேண்டும். அப்போது பட்டம் ஒரே கயிற்றில் தொங்கித் துவண்டு விழும். அதுவும் பயன் தராவிட்டால், மூன்றாம் படியாகக் கடைசிக் கயிற்றையும் கழற்றிவிட வேண்டும். விலை உயர்ந்த பட்டம் போய்விடும், ஆள் பிழைத்துக்கொள்வார். கண்ணை மூடிக்கொண்டும் இம்மூன்று படிகளையும் செய்யும் அளவுக்கு மாணவர்கள் கரையிலேயே பழகுகிறார்கள். ஏனெனில், அலைக்கு அடியில் சிக்கியவருக்குப் பார்த்துச் செய்ய நேரம் இருக்காது.

பாய்மர அலைச்சறுக்கிலும் இவ்வாறே. பின்கையைத் தளர்த்தினால், பாயில் நிறைந்த காற்று வெளியேறிவிடும். ஆனால், எதை விடுவது, எதை விடாதிருப்பது என்பதையும் பகுத்தறிய வேண்டும். அலைகளுக்கு அப்பால், ஆழ்கடலில் பாய்மரம் முறிந்தால், பலகையை விட்டு நீந்தக் கூடாது. பலகை மிதக்கும், தேடி வருவோருக்குத் தொலைவிலிருந்தும் தெரியும். அங்கே பலகைதான் உயிர்க்காப்பு. பாறைகளுக்கு அருகில் பேரலை தூக்கி எறியும்போதோ, அதே பலகையைப் பற்றிக்கொண்டிருப்பவர் அதனோடு சேர்ந்து பாறையில் மோதுவார். அங்கே பலகையை விட்டுவிட்டு, பாதுகாப்பான பக்கம் நீந்துவதே அறிவு. பலகை உடைந்தால் வேறொன்று வாங்கலாம். ஒரே பொருளை ஓரிடத்தில் பற்றவும் மற்றோரிடத்தில் விடவும் தெரிந்தவரே தேர்ந்தவர்.

காத்திருந்த வெற்றி

பட்டத்தின் துணையோடு நீரில் விரையும் விளையாட்டு 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்றது. ஒலிம்பிக்கில் பயன்படும் பலகையின் அடியில் இறக்கை போன்ற தகடு பொருத்தப்பட்டிருக்கும். வேகம் கூடும்போது அத்தகடு பலகையை நீருக்கு மேலே தூக்கிவிடும். சிங்கப்பூரைச் சேர்ந்த 17 வயது மேக்ஸ் மேடர் அப்போட்டியில் பங்கேற்றார். இந்தோனேசியாவின் வக்காத்தோபி தீவுப் பகுதியில் ஆறு வயதிலேயே பட்டத்தைப் பிடிக்கப் பழகியவர் அவர். 2023ஆம் ஆண்டில் உலக வெற்றியாளர் பட்டத்தையும் பெற்றிருந்தார்.

ஒலிம்பிக் பாய்மரப் போட்டிகள் பிரான்சின் தென்கரையில் உள்ள மார்செய் நகரில் நடைபெற்றன. ஹோக்கிப்பாவைப் போலன்றி, அங்கே வீரர்களைச் சோதித்தது காற்றின் வலிமையன்று, காற்றின்மைதான். போதிய காற்று இல்லாமல் பந்தயங்கள் தள்ளிப்போயின. உலகின் தலைசிறந்த வீரர்கள் பலர் செய்வதற்கு ஒன்றுமின்றிக் காத்திருந்தனர். இறுதிப் பந்தயங்கள் ஆகஸ்ட் 9ஆம் நாள் நடந்தன. அன்று மேக்ஸ் மேடர் வெண்கலப் பதக்கம் வென்று, சிங்கப்பூரின் ஆக இளைய ஒலிம்பிக் பதக்க வீரரானார். அந்நாள் சிங்கப்பூரின் தேசிய நாளாகவும் அமைந்தது.

அதிகமாக வீசும் காற்றிலும், வீசாமல் ஏமாற்றும் காற்றிலும் தேவைப்படும் பண்பு ஒன்றே. காற்றை யாரும் ஆள முடியாது, அறிந்துகொள்ளத்தான் முடியும். எங்கே இறங்குவது, எப்போது இறங்குவது, எவ்வளவு பாயை விரிப்பது, எந்த நொடியில் கையை விடுவது என்பவை மட்டுமே மனிதரின் கையில் உள்ளன. அவற்றை அறிந்தவர் மாலையில் கரையேறி, மணலில் பாயைச் சுருட்டி வைத்து, நாளைய காற்று எப்படி இருக்கும் என்று வானத்தைப் பார்க்கிறார்.